பாஸ்போர்ட், விசா புகைப்படம்: பின்னணி நிறம் முதல் பிக்சல் வரை முழுமையான வழிகாட்டி

ஸ்டூடியோவுக்குள் நுழைந்ததும் "பாஸ்போர்ட் சைஸ், எட்டு காப்பி" என்று கேட்பதுதான் நம் வழக்கம். பள்ளிச் சேர்க்கைக்கும் வங்கிக் கணக்குக்கும் அது போதும். விசா என்று வந்துவிட்டால் போதாது. அமெரிக்காவுக்குச் சதுரப் படம், ஐரோப்பாவுக்குச் செவ்வகப் படம், சீனாவுக்கு இன்னொரு செவ்வகம். ஒரு நாடு வெள்ளைப் பின்னணி கேட்கும், இன்னொன்று வெள்ளையே கூடாது என்னும். விண்ணப்பப் படிவத்தைத் திறப்பதற்கு முன்பே படத்தை எடுத்து முடித்துவிடலாம், வாருங்கள். வரிசையாகப் போனால் ஒரே நாளில் முடிகிற வேலைதான்.

முதலில், படம் வேண்டுமா?

இந்தியாவுக்குள் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும் பெரியவர்கள் படம் எதுவும் எடுத்துப்போக வேண்டியதில்லை. பாஸ்போர்ட் சேவா மையத்தில் டோக்கன் வாங்கி உள்ளே போனதும், முதலில் வரும் 'ஏ' கவுன்டரிலேயே கேமரா இருக்கும். கைரேகையோடு படத்தையும் அங்கேயே எடுத்துக்கொள்வார்கள். அஞ்சலகப் பாஸ்போர்ட் மையங்களிலும் இதே முறைதான். இது தெரியாமல் வாசலில் உள்ள கடையில் அவசரமாகப் படம் எடுத்துக்கொண்டு உள்ளே போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு மட்டும் நாம்தான் படம் கொண்டுபோக வேண்டும். அகலம் 3.5 செ.மீ., உயரம் 4.5 செ.மீ., வெள்ளைப் பின்னணி.

வெளிநாட்டில் இருந்தபடி இந்தியப் பாஸ்போர்ட்டைப் புதுப்பிப்பவர்களுக்குக் கதை வேறு. 2025 செப்டம்பர் முதல் துபாய் உள்ளிட்ட இடங்களிலுள்ள இந்தியத் தூதரக அலுவலகங்கள் சர்வதேசத் தரத்தில் படம் கேட்கின்றன: 630 பிக்சல் அகலம், 810 பிக்சல் உயரம், வெள்ளைப் பின்னணி, படத்தில் 80 முதல் 85 சதவீதம் முகம். வளைகுடாவில் வேலை செய்கிறவர்கள், ஊரில் எடுத்துவைத்த பழைய படத்தை நம்பி இருக்க வேண்டாம்.

விசாவிலும் நாட்டுக்கு நாடு வேறுபாடு உண்டு. பிரிட்டன் விசாவுக்குக் கைரேகை பதியும் மையத்திலேயே படமும் எடுத்துவிடுகிறார்கள். அமெரிக்க விசாவுக்கு ஆன்லைன் படிவத்தில் நாமே படம் ஏற்ற வேண்டும், பிறகு கைரேகை மையத்திலும் ஒன்று எடுப்பார்கள். ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்கு அச்சிட்ட படம் வேண்டும். ஆகவே முதல் வேலை, நாம் போகும் நாட்டின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் படத்துக்கான பக்கத்தைத் தேடி எடுத்து, அதை மொபைலில் சேமித்துக்கொள்வது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

பின்னணி என்ன நிறம்?

நம் ஊர் ஸ்டூடியோக்களில் நீலத் திரை நெடுங்காலமாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது. நாம் எதுவும் சொல்லாவிட்டால் நீலத்திலேயே படம் வந்துவிடும். இந்தியா, அமெரிக்கா, சிங்கப்பூர், சீனா, கனடா என்று நம்மவர்கள் அதிகம் போகும் நாடுகள் கேட்பது வெள்ளை. அமெரிக்கா வெள்ளையோடு மங்கிய வெள்ளையையும் ஏற்கும்.

ஷெங்கன் நாடுகள் வெளிர்நிறம் என்று பொதுவாகச் சொல்கின்றன. அங்கே வெளிர்சாம்பல் பாதுகாப்பான தேர்வு. பிரான்ஸ் தன் குடிமக்களின் அடையாளப் படங்களுக்கு வெளிர்நீலம், வெளிர்சாம்பல் என்று சொல்லி, வெள்ளை கூடாது என்றே எழுதிவைத்திருக்கிறது. பிரிட்டன் பாஸ்போர்ட்டுக்கு அச்சிட்ட படம் கொடுத்தால் பின்னணி க்ரீம் அல்லது வெளிர்சாம்பல். இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு வெளிர்நீலம். அதுவும் குடிவரவுத் திணைக்களம் அங்கீகரித்த ஸ்டூடியோவில் எடுக்க வேண்டும். படம் அங்கிருந்து நேராகத் திணைக்களத்துக்கு ஆன்லைனில் போய்விடும். யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ விண்ணப்பிக்கும் உறவினருக்கு இங்கிருந்து படம் எடுத்து அனுப்பிப் பயனில்லை.

இந்தோனேசிய அடையாள அட்டையில் இன்னொரு வேடிக்கை உண்டு. ஒற்றைப்படை ஆண்டில் பிறந்தவர்களுக்குப் பின்னணி சிவப்பு, இரட்டைப்படை ஆண்டென்றால் நீலம். நல்லவேளை, நமக்கு அந்தக் கணக்கு இல்லை.

இவ்வளவு பிடிவாதம் எதற்கு? எல்லையில் படத்தைப் பார்ப்பது அதிகாரி மட்டும் இல்லை, கணினியும் பார்க்கிறது. தலை எங்கே முடிகிறது, பின்னணி எங்கே தொடங்குகிறது என்று அது பிரித்தறிய வேண்டும். கருப்பு முடிக்குப் பின்னால் வெள்ளை இருந்தால் விளிம்பு பளிச்சென்று தெரியும். தலை முழுக்க நரைத்த தாத்தாவை வெள்ளைச் சுவர் முன் நிறுத்தினால் முடியும் சுவரும் ஒன்றாகிவிடும். ஐரோப்பிய நாடுகள் சாம்பலை விரும்புவதன் நியாயம் இங்கே இருக்கிறது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 9303-ஆம் எண் ஆவணம்தான் இந்த விதிகளுக்கெல்லாம் தாய். சிப் பொருத்திய இ-பாஸ்போர்ட்டில் நம் முகம் டிஜிட்டல் கோப்பாகவே உள்ளே உட்கார்ந்திருக்கும். சென்னையில் 2025 மார்ச் முதல் அப்படிப்பட்ட பாஸ்போர்ட்டுகள் வரத் தொடங்கிவிட்டன.

முகத்தின் உயரம்: நிறத்தைவிட முக்கியம்

எல்லோரும் பின்னணி நிறத்தைத்தான் கேட்கிறார்கள். என் கணிப்பில் படங்கள் சிக்கிக்கொள்வது அதில் இல்லை, முகத்தின் அளவில். படத்தின் வெளி அளவு சரியாக இருக்கும், உள்ளே முகம் சிறுத்திருக்கும்.

முகவாயின் அடிப்பகுதியிலிருந்து உச்சந்தலை வரை உள்ள உயரம்தான் கணக்கு. ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை எடுத்து மி.மீ. பக்கத்தால் அளந்தால் போதும்.

அமெரிக்க விசா: படம் 51-க்கு 51 மி.மீ., அதாவது இரண்டுக்கு இரண்டு அங்குலம். முகம் 25 முதல் 35 மி.மீ. கண்கள் படத்தின் அடியிலிருந்து 56 முதல் 69 சதவீத உயரத்துக்குள் வர வேண்டும்.

ஷெங்கன்: 35-க்கு 45 மி.மீ. முகம் 32 முதல் 36 மி.மீ. முகம் ஏறக்குறைய படத்தையே நிறைத்துவிடும்.

சிங்கப்பூர்: அச்சில் 35-க்கு 45 மி.மீ., கோப்பாக 400-க்கு 514 பிக்சல். கடந்த மூன்று மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். அமெரிக்காவும் ஷெங்கனும் ஆறு மாதம் வரை விடுகின்றன.

சீனா: 33-க்கு 48 மி.மீ. முகத்தின் உயரம் 28 முதல் 33, அகலம் 15 முதல் 22 மி.மீ.

கனடா விசா: 35-க்கு 45 மி.மீ. முகம் 31 முதல் 36. கனடா பாஸ்போர்ட் என்றால் 50-க்கு 70 மி.மீ. என்று பெரிதாகிவிடும், ஒரு படத்தின் பின்புறம் ஸ்டூடியோவின் பெயர், முகவரி, எடுத்த தேதி வேண்டும்.

இப்போது முதல் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். அமெரிக்காவுக்காக 28 மி.மீ. முகத்தோடு எடுத்த படம் அங்கே பாஸ். அதையே ஓரங்களில் வெட்டி 35-க்கு 45 ஆக்கினால் வெளி அளவு ஷெங்கனுக்குப் பொருந்தும், முகம் நான்கு மி.மீ. குறையும். ஒரு படத்தைக் கத்தரியால் வெட்டி இன்னொரு நாட்டுக்கு ஆக்குவது சரிப்படாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

என்ன உடுத்துவது, எப்படி நிற்பது?

வெள்ளைச் சட்டை வேண்டாம். வெள்ளைப் பின்னணியில் தோள் காணாமல்போய் தலை மட்டும் மிதக்கும். அடர்நீலம், மெரூன், கரும்பச்சை எல்லாம் நன்றாக வரும். பாஸ்போர்ட் சேவா மையத்துக்குப் போகும் நாளிலும் இதை மறக்க வேண்டாம்; அந்தப் படம் பத்து வருடம் நம்மோடு வரப்போகிறது. சீருடையைத் தவிர்த்துவிடலாம்.

கண்ணாடியைக் கழற்றிவிடுவோம். அமெரிக்கா 2016 நவம்பர் முதல் விசா படத்தில் கண்ணாடியை அனுமதிப்பதில்லை. கண்ணாடியை ஏற்கும் நாடுகளிலும் லென்ஸில் விளக்கொளி அடித்தால் படம் வீண். பிறகு எதற்கு வம்பு?

பொட்டு இருக்கட்டும். தலையில் பூ மட்டும் அன்று வேண்டாம். பக்கவாட்டில் துருத்தி, தலையின் விளிம்பைக் குழப்பும். கல் மூக்குத்தி ஃபிளாஷில் மின்னினால் ஒளியின் கோணத்தை மாற்றச் சொல்லலாம். மத வழக்கப்படி தலையை மூடுபவர்கள் அப்படியே எடுக்கலாம். நெற்றியிலிருந்து முகவாய் வரையும் முகத்தின் இரு ஓரங்களும் தெரிய வேண்டும், துணியின் நிழல் முகத்தில் விழக் கூடாது.

நெற்றியில் முடி விழுந்து புருவத்தை மறைக்காமல் ஒதுக்கிக்கொள்வோம். முகத்தில் எண்ணெய் வழிந்தால் கைக்குட்டையால் ஒற்றிவிட வேண்டும். பவுடரை அப்பினால் முகம் வெளுத்து கழுத்து வேறு நிறமாகிவிடும். வாய் மூடி, கண் திறந்து, நேராகப் பார்க்க வேண்டும். விறைப்பாக முறைக்க வேண்டியதில்லை, பல் தெரியாமல் இருந்தால் சரி.

ஸ்டூடியோவில் என்ன சொல்வது?

நாட்டின் பெயரை மட்டும் சொல்லி நிறுத்தக் கூடாது. மொபைலில் சேமித்த பக்கத்தைக் காட்டி மூன்று விஷயங்களைச் சொல்வோம்: படத்தின் அளவு, முகத்தின் உயரம், பின்னணி நிறம். ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதியே கொடுத்துவிடலாம். அனுபவசாலி போட்டோகிராஃபர்கள் இதற்கெல்லாம் கோபிப்பதில்லை. "எங்களுக்குத் தெரியாததா" என்று மடக்குபவரிடமும் காகிதத்தைக் கையில் கொடுத்துவிட்டே உட்காருங்கள்.

அடுத்து, எதைச் செய்யக் கூடாது என்றும் சொல்ல வேண்டும். நம் ஸ்டூடியோக்களின் விருந்தோம்பல் டச்சிங்கில்தான் தெரியும். முகத்தை இரண்டு ஷேடு வெளுப்பாக்குவார்கள், மருவை அழிப்பார்கள், கேட்டால் கோட்டும் டையும் போட்டுத் தருவார்கள். கல்யாணத் தரகருக்குக் கொடுக்க அது சரி. விசா படத்தில் எந்தத் திருத்தமும் கூடாது என்று அமெரிக்காவும் பிரிட்டனும் தெளிவாகச் சொல்கின்றன. விமான நிலையத்தில் கேமரா முன் நிற்கப்போவது மருவோடு இருக்கும் நாம்தான். "டச்சப் வேண்டாம், வெளுப்பு வேண்டாம், இருக்கிறபடியே கொடுங்கள்" என்று படம் எடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது.

திருத்தத்தின் மேல் இந்த வெறுப்புக்கு வலுவான காரணம் உண்டு. இரண்டு பேரின் முகங்களைக் கணினியில் கலந்து ஒரே படமாக்கினால், ஒரு பாஸ்போர்ட்டை இருவரும் பயன்படுத்த முயல முடியும். இந்த மோசடிக்கு அஞ்சித்தான் ஜெர்மனி தன் பாஸ்போர்ட், அடையாள அட்டைகளுக்கு 2025 மே முதல் அச்சிட்ட படங்களை வாங்குவதை நிறுத்தியது. அங்கே படம் அலுவலகத்திலேயே எடுக்கப்படும், அல்லது பதிவுபெற்ற போட்டோகிராஃபரிடமிருந்து பாதுகாப்பான வழியில் கோப்பாக வரும்.

கடைசியாக ஒன்று கேளுங்கள்: வெட்டாத மூலப் படத்தின் கோப்பு. தைக்கக் கொடுக்கும் துணியைக் கொஞ்சம் கூடுதலாக எடுப்பதுபோல, தலைக்கு மேலும் தோளுக்கு இரு பக்கமும் தாராளமாக இடம் விட்டு எடுத்த படம் ஒன்று கையில் இருந்தால், அதிலிருந்து சதுரமும் வெட்டலாம், செவ்வகமும் வெட்டலாம். அமெரிக்காவும் ஷெங்கனும் அடுத்தடுத்துப் போகிறவருக்கு இரண்டு முறை ஸ்டூடியோ செலவு இல்லை. கோப்பை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும். டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது மின்னஞ்சல்.

வீட்டிலேயே எடுக்கலாமா?

எடுக்கலாம். ஆன்லைனில் ஏற்றும் விசாக்களுக்கு இது நன்றாகவே கைகொடுக்கும். செல்ஃபி மட்டும் கூடாது. கேமரா முகத்துக்கு நெருங்கினால் மூக்கு பெரிதாகி காது பின்வாங்கும்.

காலை ஒன்பது, பத்து மணி வாக்கில் ஜன்னலுக்கு எதிரே, முகம் ஜன்னலைப் பார்க்கும்படி நிற்போம். நேரடி வெயில் முகத்தில் படக் கூடாது. பின்னால் வெள்ளைச் சுவர். இல்லையென்றால் இஸ்திரி போட்ட வெள்ளைப் படுக்கை விரிப்பு. சுவரில் சாயாமல் இரண்டடியாவது முன்னே வர வேண்டும், அப்போதுதான் நிழல் சுவரில் விழாது. தலைக்கு மேல் எரியும் டியூப்லைட்டை அணைத்துவிடலாம், அது கண்ணுக்குக் கீழே கருவளையம் போடும்.

வேறொருவர் ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று, மொபைலை நம் கண் உயரத்தில் பிடித்து, பின்பக்கக் கேமராவால் எடுக்க வேண்டும். ஃபிளாஷ் வேண்டாம். போர்ட்ரெய்ட் மோடு, பியூட்டி மோடு இரண்டையும் அணைப்போம். முதலாவது காதையும் முடியையும் மங்கலாக்கும், இரண்டாவது தோலைப் பொம்மைபோல வழவழப்பாக்கும். பத்துப் பதினைந்து எடுத்து வைத்துக்கொண்டால் ஒன்று நிச்சயம் தேறும்.

பின்னணியை அழித்து வெள்ளையாக்கித் தரும் செயலிகள் நிறைய உண்டு. அவை முடியின் ஓரத்தைக் கத்தரித்தாற்போல வெட்டிவிடும், அதுவும் திருத்தமாகவே பார்க்கப்படும். சுவரையே வெள்ளையாகத் தேடிக்கொள்வது எளிது.

கைக்குழந்தைக்கு எப்படி?

வெள்ளை விரிப்பில் மல்லாக்கப் படுக்கவைத்து, மேலிருந்து எடுக்கலாம். நம் நிழல் விழாதபடி பக்கவாட்டில் நிற்க வேண்டும். தாங்கிப் பிடிக்கும் அம்மாவின் கை, பொம்மை, பால்புட்டி எதுவும் படத்தில் வரக் கூடாது. திருஷ்டிப் பொட்டை அன்று ஒரு மணி நேரம் துடைத்துவிட்டால் நல்லது; கன்னத்தில் பெரிதாக வைத்த மைப்பொட்டு முக அடையாளத்தை மறைக்கும். பால் குடித்து, தூங்கி எழுந்து, சந்தோஷமாக இருக்கும் நேரம் பார்த்து எடுங்கள். அழும் குழந்தையை வைத்துக்கொண்டு ஸ்டூடியோவில் மல்லுக்கட்டுவதில் பயனில்லை.

கோப்பும் பிரிண்ட்டும்

அமெரிக்க விசாவுக்கு ஜேபெக் கோப்பு, 600-க்கு 600 முதல் 1200-க்கு 1200 பிக்சல் வரை, எடை 240 கே.பி.க்குள். சீன விசாவுக்கு 40 முதல் 120 கே.பி. ஐபோன் வைத்திருப்பவர்கள் கவனிக்க: அதில் படங்கள் வேறு வடிவத்தில் சேமிக்கப்படலாம். கேமரா செட்டிங்ஸில், ஃபார்மட்ஸ் பகுதியில் 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' என்று மாற்றிவிட்டு எடுத்தால் ஜேபெக்காகவே வரும்.

பெரிய கோப்பைச் சிறிதாக்கலாம், சிறியதைப் பெரிதாக்கக் கூடாது. இழுத்துப் பெரிதாக்கிய படம் கட்டம் கட்டமாக உடையும்.

அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற தரம் போதும். அந்தக் கணக்கில் 35-க்கு 45 மி.மீ. படம் 413-க்கு 531 பிக்சல் ஆகும். நான்குக்கு ஆறு அங்குலத் தாளில் இந்த அளவில் எட்டுப் படம் அடங்கும், அமெரிக்கச் சதுரம் என்றால் ஆறு. லேபில் கொடுக்கும்போது "அளவு மாற்றாமல் அப்படியே போடுங்கள்" என்று சொல்ல வேண்டும். தாளை நிரப்ப இயந்திரம் தானாகப் பெரிதாக்கினால் நம் மி.மீ. கணக்கெல்லாம் போச்சு. கையில் வாங்கியதும் ஸ்கேலை வைத்து ஒருமுறை அளந்துவிடுவோம்.

எவ்வளவு செலவாகும்?

எட்டுப் படத்துக்குச் சிறு ஊர்களில் நூறு ரூபாயை ஒட்டி ஆகும், நகரங்களில் இடத்தைப் பொறுத்து ஏறும். கோப்புக்குத் தனியாக ஒரு தொகை கேட்கும் கடைகள் உண்டு, முன்பே பேசிக்கொள்ளலாம். வீட்டில் எடுத்து லேபில் ஒரு தாள் மட்டும் அச்சிட்டால் சில பத்து ரூபாய்களில் முடிந்துவிடும்.

இந்தியப் பாஸ்போர்ட்டில் படத்துக்கென்று தனிச் செலவே இல்லை. 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்கு நாம் கட்டும் 1,500 ரூபாயில் அதுவும் அடக்கம். விசாவில் பெரிய செலவு கட்டணத்தில் இருக்கிறது. அமெரிக்கச் சுற்றுலா விசாவுக்கு 185 டாலர், பெரியவர்களுக்கான ஷெங்கன் விசாவுக்கு 90 யூரோ. இவ்வளவு கட்டும் இடத்தில் படத்தில் ஐம்பது ரூபாய் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

கவனம்

பழைய விசாவில் ஒட்டிய அதே படத்தை மறுபடி கொடுக்க வேண்டாம். இரண்டு வருடத்துக்கு முந்தைய விசாவிலும் அதே சட்டை, அதே தலைமுடி என்றால், படம் புதிது என்று எப்படிச் சொல்வது?

படத்தின் பின்னால் பேனாவால் அழுத்தி எழுதினால் முன்பக்கம் தடம் தெரியும். ஸ்டேப்ளர் ஊசி முகத்தில் பட்டால் படம் வீண். ஒரு சிறு கவரில் தனியாகப் போட்டு எடுத்துப்போகலாம். படிவத்தில் ஒட்டச் சொல்லியிருந்தால் மட்டும் ஒட்டுங்கள், அதுவும் பசையால்.

இலவசமாக விசா படம் செய்து தருகிறோம் என்னும் பெயர் தெரியாத இணையதளங்களில் முகத்தை ஏற்றுவதற்கு முன் யோசிக்க வேண்டும். அமெரிக்க வெளியுறவுத் துறையே தன் தளத்தில் படத்தை வெட்டிக்கொள்ள ஒரு கருவியை வைத்திருக்கிறது. பாஸ்போர்ட் விண்ணப்பத்துக்கும் அரசுத் தளத்தைப்போலவே தோற்றம் காட்டும் போலிகள் உலவுகின்றன. முகவரி 'கவ் டாட் இன்' என்று முடிகிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

வேலை விசாவுக்கு ஏஜென்ட் வழியாகப் போகிறவர்கள், அளவையும் பின்னணி நிறத்தையும் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ள வேண்டும். வாய்வார்த்தையாகக் கேட்ட நிறம் மாறிப்போனால் இன்னொரு எட்டுக் காப்பிக்கு நாம்தான் பணம் கொடுக்க வேண்டிவரும்.

கவுன்டரில் மறுத்தால்?

பதற வேண்டாம். பல விசா மையங்களில் உள்ளேயே படம் எடுக்கும் வசதி உண்டு, வெளியே ஆவதைவிடக் கூடுதலாக ஆகும். கூட்டம் இருந்தால் அதற்கும் வரிசை நிற்கும். என்ன காரணத்துக்காக மறுக்கிறார்கள் என்று முதலில் கேட்டுக்கொள்வோம். முகத்தின் அளவு மட்டும் தவறு என்றால் மொபைலில் உள்ள மூலப் படத்திலிருந்தே பக்கத்துக் கடையில் புதிதாக வெட்டி அச்சிட்டுவிடலாம். நிழல், கண்ணாடி, பழைய படம் என்றால் புதிதாக எடுத்துத்தான் ஆக வேண்டும். அதற்காகவாவது அப்பாயின்ட்மென்ட் நாளன்றும் அடர்நிறச் சட்டையிலேயே போங்கள்.